கழித்தல் ஒன்று

செப்டம்பர் 22, திங்கள்

இது எத்தனையாவது பகா எண் என்று கல்லூரி முதல்வர் கேட்டார். தெரியாது என்றேன்.

"ரெண்டு முதலாவது, மூணு ரெண்டாவது, அஞ்சு மூணாவது. அப்படியே எண்ணிட்டு வந்தா இது எத்தனையாவதுங்க? பேப்பர்காரங்க கேப்பாங்கல்ல, கலாமணி?"

தோராயமாக மதிப்பிடச் சூத்திரம் இருக்கிறது. சரியாக எத்தனையாவது என்று இன்றைக்கு உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. இதற்கு முந்தைய பகா எண் எது, அடுத்தது எது என்பதும் யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. கண்டுபிடித்தவளுக்கே விவரம் போதவில்லை என்று நினைத்திருப்பார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் கம்ப்யூட்டர் லேபைத் திறந்தது லேப் உதவியாளர் கோகிலவாணி. சனி, ஞாயிறு முழுக்க ஓடிய பதினோராம் சிஸ்டத்தின் திரையில், நான்கு வருடங்களாக வராத வரி வந்திருந்தது: "பகா எண்." நான் கைப்பையை வைப்பதற்குள் அவள் முதல்வர் அறைக்குப் போய்விட்டாள்.

எண் இப்படி. ஒரு சிறிய ஒற்றைப்படை எண். அதை இரண்டின் மிகப் பெரிய அடுக்கு ஒன்றால் பெருக்கி, கடைசியில் ஒன்று கூட்ட வேண்டும். அடுக்கு ஐம்பது லட்சத்துக்கு மேல். எழுதினால் பதினைந்து லட்சம் இலக்கங்கள் வரும். கணினி படிக்கிற இரும முறையில் எழுதினாலோ முன்னால் நாலைந்து இலக்கங்கள், பிறகு ஐம்பது லட்சம் சுழியங்கள், கடைசியில் தனியாக ஒரு ஒன்று. எனக்கு அது பிடித்திருக்கிறது. இதை முதல்வரிடம் சொல்லவில்லை.

உலகத்திலேயே பெரியது அல்ல, உலகப் பட்டியலில் நடுவில் எங்கோ வரும், அதுவும் இரண்டாம் முறை சரிபார்த்த பிறகுதான் என்று இரண்டு தடவை சொன்னேன். சரி சரி என்றார். அக்டோபர் ஆறாம் தேதி கணித மன்றத் தொடக்க விழா. அதில் அறிவிக்க வேண்டுமாம்.

நான்காம் சிஸ்டத்தில் அதே சோதனையை மறுபடி ஓடவிட்டு வந்தேன். இரவுக்கு உப்புமா.

செப்டம்பர் 24, புதன்

நான்காம் சிஸ்டம் இல்லை என்கிறது. பகு எண்ணாம்.

பிற்பகல் வகுப்பை வழக்கம்போல எடுத்தேன். ஒரு தப்பும் செய்யவில்லை. அதன் பிறகு லேபில் போய் உட்கார்ந்தேன். கோகிலவாணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க மேடம், ஒண்ணு ஆமாங்குது, ஒண்ணு இல்லீங்குது. எதுங்க நெசம்?"

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், எனக்கும் தெளிவு வேண்டும். ஒரு சிறிய எண்ணை எடுத்து, அதற்கென்று உள்ள கணக்கின்படி, திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நம் பெரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது லட்சம் முறை. கடைசி மீதி நம் எண்ணைவிடச் சரியாக ஒன்று குறைவாக இருந்தால் அது பகா எண். எங்கள் பாஷையில் "கழித்தல் ஒன்று". வேறு எந்த மீதி வந்தாலும் பகா எண் இல்லை. நடுவில் கணினி ஒரே ஒரு இடத்தில் தப்பாகக் கணக்குப் போட்டாலும் போதும், கடைசியில் ஏதோ ஒரு குப்பை மீதிதான் வரும். அந்தக் குப்பை தற்செயலாகக் கழித்தல் ஒன்றாக அமைவது நடக்கவே நடக்காது என்று சொல்லலாம்.

"அப்ப ஆமாங்கறதுதானுங்க நெசம்? தப்பு பண்ணா இல்லைன்னுதானே வரும்?"

"அப்படித்தான் இருக்கணும்."

"அப்பறம் எதுக்குங்க மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

இருக்கணும் என்பது நிரூபணம் இல்லை. பதினோராம் சிஸ்டத்தில் நானே எண்ணைத் தவறாகத் தட்டியிருக்கலாம். எதுவும் இருக்கலாம். பகா எண் தேடுகிற எங்கள் இணையக் குழுவில் இதற்கு ஒரு முறை உண்டு: சந்தேகம் வந்தால் வேறு ஆள், வேறு கணினி, வேறு நிரல். கண்டுபிடித்தவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது.

முதல்வரிடம் விழாவில் அறிவிக்க வேண்டாம் என்றேன். "ஃப்ளெக்ஸுக்குச் சொல்லியாச்சுங்களே" என்றார்.

செப்டம்பர் 25, வியாழன்

கயத்தாறு பிரமநாயகத்துக்கு போன் செய்தேன். காற்றாலைகளைப் பராமரிக்கும் பொறியாளர். எங்கள் குழுவில் மூன்று வருடமாக இருக்கிறார். நேரில் பார்த்ததில்லை. மின்னஞ்சலில் தேவைக்கு மேல் ஒரு வரி எழுதாதவர். ஆகவே நம்பலாம்.

நான் விஷயத்தை ஆரம்பித்ததுமே தடுத்தார்.

"மேடம், எண்ணை மட்டும் அனுப்புங்க. ஆமான்னு வந்துச்சா இல்லைன்னு வந்துச்சான்னு எங்கிட்டச் சொல்லாதீய. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும்."

"கணக்குப் போடறது உங்க மனசு இல்லையே, மெஷின்தானே?"

"மெஷினைப் பாத்துக்கிடுதது நான்தான மேடம்? நமக்குப் பிடிச்ச பதில் வந்தா விட்டுருவோம், பிடிக்காதது வந்தா மறுபடி ஓட்டுவோம். மனுசப் புத்தி."

சரிதான். அவர் நிரல் அவரே எழுதியது, மெதுவானது. ஒன்பது பத்து நாளாகும் என்றார். விழாவுக்கு முந்தின நாள் முடியலாம். முடியாமலும் போகலாம்.

பேச்சுவாக்கில், வீட்டில் மெஷின் இரைச்சலைப் பற்றிக் குறை சொல்ல யாரும் இல்லை, மனைவி இறந்து ஏழு வருடம் ஆகிறது என்றார். அதை எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை. 

செப்டம்பர் 26, வெள்ளி

உள்தேர்வுக் கண்காணிப்பு. தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை, மோட்டாரில் காற்று அடைத்திருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. பத்தடிக்கு எட்டடி. மேலே முதல்வர், கீழே விழாவுக்கு வரும் தென்னைநார் ஆலை அதிபர், மூலையில் பத்து வருடத்துக்கு முந்தைய அடையாள அட்டைப் படத்தில் நான். "உலகின் மாபெரும் பகா எண்ணை உலகுக்கு அளித்த" என்று தொடங்குகிறது. மாபெரும் என்பதை நீக்கச் சொல்லியிருந்தேன். அதைத்தான் மஞ்சளில் போட்டிருக்கிறார்கள்.

நடுவில் எண். இரண்டின் தலைமேல் சிறியதாக ஏற வேண்டிய அடுக்கு, இரண்டுக்குப் பக்கத்திலேயே அதே உயரத்தில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்குச் சின்ன எழுத்து கண்ணில் படாது என்று தோன்றியிருக்கும். அதனால் பதினைந்து லட்சம் இலக்கம் போய் ஏதோ ஒன்பது இலக்க எண் ஆகிவிட்டது. அடுக்கு ஒற்றைப்படையில் முடிகிறது. ஒற்றைப்படையை ஒற்றைப்படையால் பெருக்கி ஒன்று கூட்டினால் இரட்டைப்படை. ஆக, கல்லூரி வாசலில் தொங்கப்போகும் மாபெரும் பகா எண் இரண்டால் வகுபடும்.

கோகிலவாணியிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு முதல்வரிடம் போய் இதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னேன்: ஆறாம் தேதிக்குள் மூன்றாவது முடிவு வராவிட்டால், அல்லது இல்லை என்று வந்தால், மேடையில் நானே அதைச் சொல்வேன்.

"ஏனுங்க கலாமணி, அத்தனை பேர் முன்னாடியா? எனக்கு எப்படி இருக்கும்?"

"தப்பைப் படிச்சா எனக்கு எப்படி இருக்கும்?"

இருபத்து நான்கு வருடத்தில் அவரிடம் இவ்வளவு பேசியதில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

ஆயுத பூஜைக்கு வருடா வருடம் லேபைத் துடைப்பது வழக்கம். மற்ற நாட்களில் யாரும் ஒரு சிஸ்டத்தின் மூடியைக்கூடத் திறப்பதில்லை. இந்த ஒரு நாள் எல்லாவற்றையும் கழற்றி, ஊதி, துடைத்து, வயர்களைச் சுருட்டுவார்கள். நானும் ஒரு பழைய துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு போனேன்.

நான்காம் சிஸ்டத்தின் மூடியைக் கழற்றினதும் கோகிலவாணி கத்தினாள்.

"ஐயையோ, இங்க பாருங்க மேடம்! குருவிக் கூடாட்டம் இருக்குது!"

குருவிக் கூடு இல்லை, தூசு. தலைமுடி, நூல், சுண்ணாம்புத் தூள் எல்லாம் சேர்ந்து ஃபேனைச் சுற்றிப் பஞ்சுபோல இறுகி, ஃபேன் சுற்றவே இல்லை. விரலால் தள்ளினாலும் அசையவில்லை. ஒன்றரை நாள் அந்தச் சூட்டில்தான் அது கணக்குப் போட்டிருக்கிறது.

"இதான் பொய் சொல்லிருக்குதுங்க" என்றாள். "அப்ப பதினொண்ணு சொன்னதுதான் நெசம். ஒப்புக்கங்க."

"ஃபேன் சுத்தலைன்னுதான் தெரிஞ்சுது. எண் பகா எண்ணுன்னு தெரியலை."

"உங்க வாயில இருந்து ஆமாங்கற வார்த்தைய வாங்கறதுக்குள்ள எனக்கு நரைச்சுரும்."

ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியில் அரைக் கிலோ நேந்திரம் சிப்ஸ் வாங்கினேன். காரணம் ஒன்றும் இல்லை. பிரமநாயகத்துக்கு போன் செய்து ஃபேனைப் பற்றிச் சொல்லலாம் என்று எண்ணை எடுத்தேன். சொன்னால் அவர் மனசு சாய்ந்துவிடும். அழைக்காமல் போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளையிலிருந்து விடுமுறை என்பதால் லேபில் இன்றே பூஜை. பொரி, கடலை, சுண்டல், வாழைக்கன்று. ஒவ்வொரு திரைக்கும் சந்தனம், குங்குமம்.

துடைத்து முடித்த ஒன்பதாம் சிஸ்டத்தில் நேற்றே சோதனையை இன்னொரு தடவை தொடங்கியிருந்தேன். பாதி ஓடியிருந்தது. வழக்கப்படி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் பொட்டு வைப்பார்கள். பூஜைக்கு வைத்த ஆயுதம் வேலை செய்யக் கூடாது. பூஜை முடிந்ததும் மெயினை அணைத்து, லேபைப் பூட்டி, திங்கட்கிழமை காலையில்தான் திறப்பார்கள்.

கோகிலவாணி ஒன்பதின் முன்னால் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். "நீங்க சொன்னா இத மட்டும் அணைக்காம வெச்சர்றனுங்க. சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருக்கிறது. ஒரு வருடம் முழுக்க என் எண்களுக்காகச் சனிக்கிழமைகளில் வந்து லேபைத் திறந்தவள். நானே அணைத்தேன்.

இனி என்னிடம் ஒன்றும் இல்லை. ஆறாம் தேதிக்குள் பதில் வந்தால் கயத்தாற்றிலிருந்துதான் வர வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

வீட்டில் மிக்ஸிக்கும் பொட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கோகிலவாணி குங்குமப் பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். மிக்ஸிக்கு வைக்கவில்லை. சட்னி அரைக்க வேண்டியிருந்தது.

மாலையில் பிரமநாயகம் போன். அவர் மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டாராம், ஆனால் அணைக்கவில்லையாம். "ஓடிக்கிட்டே கும்பிட்டுக்கிடட்டும், மேடம்."

அக்டோபர் 3, வெள்ளி

காலையிலிருந்து அவருக்கு மின்சாரம் இல்லை. மாதாந்திரப் பராமரிப்புத் தடையாம்.

"காத்தாடிக்குக் கீழயே குடியிருக்கேன். மேல கரண்டு போகுது. எனக்கு ஒரு சொட்டு கிடையாது" என்றார். பேட்டரி மதியத்தோடு தீர்ந்துபோயிற்று. கணக்கு மணிக்கொரு தரம் சேமிக்கப்படுவதால் பெரிதாக நஷ்டம் இல்லை. ஆனால் அரை நாள் போய்விட்டது.

"இப்ப வரைக்கும் ஏதாவது தெரியுதா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எனக்கே தெரியும், இந்தச் சோதனையில் கடைசிப் படிக்கு முந்தின படிவரை ஒரு தடயமும் கிடைக்காது. நாற்பத்தொன்பது லட்சம் முறை வர்க்கப்படுத்திய பிறகும் கையில் இருப்பது அர்த்தம் இல்லாத பதினைந்து லட்சம் இலக்கம்தான்.

"ஒண்ணும் தெரியாது, மேடம். நீங்க கேக்கதைப் பாத்தா ரொம்ப ஆசைப்படுதீய போலுக்கே."

"அப்படி ஒண்ணும் இல்லை."

"எந்தப் பதிலுக்குன்னு சொல்லாதீய."

சொல்லவில்லை. திங்கட்கிழமை உடுமலைப் பக்கம் ஒரு காற்றாலையில் வேலை இருக்கிறது, அப்படியே கல்லூரிக்கும் வந்துவிட்டுப் போகிறேன் என்றார். அவர் விருப்பம் என்றேன்.

அக்டோபர் 4, சனி

ஊதாப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். மேடையில் உட்கார வேண்டுமே.

கோகிலவாணி வீட்டுக்கு வந்து முறுக்கு கொடுத்துவிட்டுப் போனாள். "அந்தக் கயத்தாறுக்காரருக்கு என்ன வயசுங்க?" என்றாள். தெரியாது என்றேன். ஐம்பத்திரண்டு.

அக்டோபர் 5, ஞாயிறு

மாலை வரை போன் இல்லை. நானாகக் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். முடிந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார். மின்தடையினால் தள்ளிப் போயிருக்கும்.

நாளைக்கு இரண்டு பேச்சு எழுதி வைத்தேன். ஒன்று ஆம் என்றால். இன்னொன்று இல்லை என்றாலும், முடியவில்லை என்றாலும். இரண்டாவதுதான் நன்றாக வந்திருக்கிறது. அதைத்தான் படிப்பேன் என்று நினைக்கிறேன். முதல்வர் கோபப்படுவார், தென்னைநார் அதிபருக்கு ஒன்றும் புரியாது, மாணவிகள் கைதட்டுவார்கள், ஏனென்றால் முடிந்ததற்குக் கைதட்டுவது வழக்கம். பிரமநாயகத்துக்கு நன்றி சொல்லி, கேன்டீனில் ஒரு காபி வாங்கிக் கொடுத்து, காற்றாலைக்கு அனுப்பிவிடுவேன்.

அக்டோபர் 6, திங்கள்

நடந்தது இது.

பத்தரைக்கு விழா தொடங்கியது. அவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. நான் மேடையில் மூன்றாவது நாற்காலி. கையில் இரண்டாவது பேச்சு. தென்னைநார் அதிபர் தன் ஆலையில் கணக்குப் பார்க்கும் பெண்கள் எவ்வளவு நாணயமானவர்கள் என்று அரை மணி நேரம் பேசினார். அடுத்து நான்.

எழுந்து ஒலிபெருக்கியிடம் போகும்போது அரங்கத்தின் பின் கதவு திறந்தது. வெயில் உள்ளே விழுந்தது. கட்டம் போட்ட சட்டை, தோளில் ஒரு பை, மெலிந்த, கண்ணாடி போட்ட ஒருவர். முன்பின் பார்த்ததில்லை. அவர் என்னைப் பார்த்தார். வாசல் ஃப்ளெக்ஸில் இருந்த அடையாள அட்டைப் படத்திலிருந்து தெரிந்துகொண்டிருக்க வேண்டும். பையைக் கீழே வைத்தார். வலது கையால் காற்றில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அதே கையின் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.

கழித்தல் ஒன்று.

நானூறு பேர் இருந்த அரங்கம். அவர் எதற்குக் கையை ஆட்டுகிறார் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பின்வரிசையில் ஒரு மாணவி திரும்பிப் பார்த்துவிட்டு, ஓர் ஆள் தவிர்த்து எல்லாரையும் வெளியே போகச் சொல்கிறாரோ என்று பக்கத்தில் கேட்டாளாம். கோகிலவாணி பிறகு சொன்னாள்.

எழுதி வைத்த இரண்டையும் நான் படிக்கவில்லை. எண்ணைப் பற்றிப் பேசினேன். ஐம்பது லட்சம் சுழியங்களைப் பற்றி. நான்காம் சிஸ்டத்தின் ஃபேனைப் பற்றி. இது உலகிலேயே பெரியது இல்லை என்றேன். வாசலில் தொங்கும் எண் இரண்டால் வகுபடும் என்றும் சொன்னேன். அரங்கம் சிரித்தது. முதல்வரும் சிரித்துவிட்டார், வேறு வழி இருக்கவில்லை. இந்த எண் பகா எண் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதாகக் கோகிலவாணி சொல்கிறாள். ஒலிபெருக்கி அப்படி.

கேன்டீனில் காபி. "நேத்து சாயங்காலமே முடிஞ்சிருச்சு" என்றார் அவர்.

"முடிஞ்சதும் போன் பண்ணியிருக்கலாமே. நான் ராத்திரி முழுக்க..." நிறுத்திக்கொண்டேன்.

"போன்ல சொல்லுத விஷயமா மேடம் இது? ஏழு மணி நேரம் பஸ்ல சார்ஜ் இல்லாத போனோட வந்தேன். பஸ்ஸு ஒட்டன்சத்திரத்துல டயர் பஞ்சர். எனக்குத்தான் உசுரு போய்ட்டு."

கோகிலவாணி வடைத் தட்டோடு வந்து நின்றாள். "ஏனுங்க சார், எந்தக் காத்தாடிங்க? எங்க வீட்டுக்காரரும் அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போறாரு."

அவர் வடையைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கம்தான், தள்ளி, என்றார். பக்கத்தில் திறந்து கிடந்த அவருடைய பையில் ஒரு லுங்கி, ஒரு தண்ணீர் பாட்டில் தவிர ஒரு ஸ்பானர்கூட இல்லை.

எண்ணை உலகப் பட்டியலுக்கு அனுப்பும்போது அவர் பெயரையும் சேர்க்கிறேன் என்றேன். கூடாது என்றார். சரிபார்த்தவர் பெயர் போடுகிற வழக்கம் இல்லை. வழக்கம் எனக்கும் தெரியும். ஐந்து மணிப் பேருந்துக்குக் கிளம்பும்போது ஒரு பென் டிரைவைக் கொடுத்தார்.

"நாலால வகுத்தா ஒண்ணு மீதி வருத பகா எண்ணை ரெண்டு வர்க்கமாப் பிரிக்கலாம்லா, மேடம். பதிமூணுக்கு நாலும் ஒம்பதும் மாதிரி. உங்க எண்ணுக்கு அந்த ரெண்டையும் எடுத்துருக்கேன். நேத்து முடிஞ்ச கணக்குலயே பாதி வேலை இருந்துச்சு. ஒரே ஒரு விதமாத்தான் பிரியும். வேற ஜோடி கிடையாது."

வீட்டுக்கு வந்து கால் கழுவினேன். புடவை மாற்றவில்லை. மடிக்கணினியில் பென் டிரைவைப் போட்டேன். இரண்டு எண்கள், ஒவ்வொன்றும் ஏழரை லட்சம் இலக்கம். இரண்டையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, நம் எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடைசி இலக்கம்வரை ஒத்துப் போயிற்று. நம்பாமல் ஒரு தடவை கழித்தும் பார்த்தேன். சுழியம்.

அவருக்கு போன் செய்தேன்.

"சரியா இருக்கு" என்றேன்.

"இருக்கும். ஆனா நீங்க கூட்டிப் பாக்காம விட மாட்டீயன்னு தெரியும். கேன்டீன்ல போனைச் சார்ஜ் போட்டுக்கிட்டது அதுக்குத்தான். பழனி தாண்டிட்டோம்."

வரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்றேன். காரணம் எதுவும் சொல்லவில்லை.

பேருந்து இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, வருகிறேன் என்றார்.